அரசியலமைப்பைப் பத்தாம் வகுப்பிலேயே படிப்பிக்க வேண்டும்!

சட்டத்தை அறியாமை ஒரு சமாதானம் ஆகாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் கோட்பாடு. அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்று கடற்றொழிலாளி சொன்னால் நீதவான் அதனை ஏற்கமாட்டார். இந்தக் காணி ஒதுக்கப்பட்ட காடு என்பது எனக்குத் தெரியாது என்று கமக்காரன் சொன்னாலும் ஏற்கமாட்டார். நாட்டிலுள்ள சட்டம் யாவும் நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதே சட்டத்தின் அனுமானம்.

அவ்வாறு அனுமானித்துத் தண்டனை விதிக்கும் அரசு, சட்டங்களுக்கெல்லாம் தாயாகிய அரசியலமைப்பைத் தன் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் படிப்பிக்கின்றதா? இல்லை. அறியாமையை மன்னிக்காத அரசு அறிவைக் கொடுக்கக் கடமைப்பட்டது. இக்கடமையை அரசு தட்டிக்கழிக்கின்றது. அதனைக் கேட்டுப்பெறும் கடமையை நாமும் தட்டிக்கழித்துவிட்டோம். இதனால் மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் எமது மக்கள் நாள்தோறும் அடையும் நட்டம் எத்தகையது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாதத்தில் மூடும் கதவு

இன்று நடைமுறையில் உள்ள 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைக் கூறுகின்றது. சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதைக்கு ஆளாகாமை, சட்டத்தின் முன் சமத்துவம், காரணம் கூறாது கைது செய்யப்படாமை, பேச்சு, கூட்டம், தொழில், நடமாட்டம், விரும்பிய இடத்தில் வாழ்தல், தகவல் பெறுதல் என அவை விரிகின்றன. அரசின் நிருவாகத்தினர் இவற்றில் ஒன்றை மீறினால், அல்லது மீறப்போகின்றார்கள் என்றால், பாதிக்கப்பட்டவர் நேரே உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். 17 ஆம் உறுப்புரையும் 126 ஆம் உறுப்புரையும் இந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன.

ஆனால் அந்தக் கதவு எத்தனை நாள் திறந்திருக்கும்? ஒரே ஒரு மாதம். மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்பது 126 ஆம் உறுப்புரையின் விதி. காலங்கடந்த மனுக்களைச் சில விசேட காரணங்களுக்காக நீதிமன்றம் ஏற்றதும் உண்டு. விதிவிலக்கை நம்பி எவரும் தம் உரிமையைத் தூங்கவிட முடியாது. அடித்தவன் மீது நட்டஈட்டு வழக்குப் போட ஆண்டுகள் இருக்கின்றன. கடன் பத்திரத்தை வைத்து வழக்காட ஆண்டுகள் இருக்கின்றன. நாட்டின் அதியுயர் சட்டம் தரும் அதியுயர் உரிமைக்கோ ஏறக்குறைய முப்பது நாட்களே ஆயுள்!

கொழும்பு, புதுக்கடையில் வாழ்பவனுக்கு இந்த முப்பது நாள் போதுமானதாக இருக்கலாம். பேசாலையில் இருந்தோ முசலியில் இருந்தோ புறப்படுபவனுக்கு உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது. என்னிடம் வருவோர் கொண்டுவரும் கடிதத்தில் நான் முதலிற் பார்ப்பது திகதியைத்தான். கிராம அலுவலரிடம் சொன்னோம், பிரதேச செயலகத்துக்கு எழுதினோம், கச்சேரிக்கு இரண்டு தரம் போனோம், பாராளுமன்ற உறுப்பினரைக் கண்டோம் என்று அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். இவ்வளவையும் செய்து முடிக்கும்போது மூன்று மாதம் கழிந்திருக்கும். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம்! அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அலைந்து திரிந்தவர்கள். எந்தக் கதவு முதலில் மூடும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு மாற்றுவழியும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு நிறுவப்பட்டது. மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் அவ்வாணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று அச்சட்டத்தின் 13 ஆம் பிரிவு கூறுகின்றது. சட்டத்தரணிக்குக் கட்டணம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளும் ஒரு தபால் முத்திரையும் போதும். இந்த ஒரு செய்தியை இலுப்பைக்கடவையிலிருந்து சிலாவத்துறை வரை எத்தனை வீடுகள் அறியும்? பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இதனைப் படித்திருந்தால் அந்த வீட்டின் உரிமை காப்பாற்றப்பட்டிருக்குமே!

பாடத்திட்டத்தில் இதன் இடம் எது?

ஒரு காலத்தில் எமது பாடசாலைகளில் குடியியல் தனிப்பாடமாக இருந்தது. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறு, புவியியல், குடியியல் ஆகிய மூன்றும் சமூகக் கல்வி என்ற ஒரே பாடமாக்கப்பட்டன. அதே 1972 இல்தான் நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு ஒன்றும் பிறந்தது. புதிய சாசனம் மேடையேறிய ஆண்டிலேயே அதனை விளங்கிக்கொள்ள உதவும் பாடம் மேடையிலிருந்து இறக்கப்பட்டதை என்னவென்பது?

பின்னர் அப்பாடம் மீண்டும் வந்தது. 6 ஆம் வகுப்புத் தொடக்கம் 9 ஆம் வகுப்பு வரை வாழ்க்கைத் தேர்ச்சியோடு சேர்த்துக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கப்பட்டு வந்தது. ஆனால் பிள்ளைக்கு விளங்கும் பருவம் வரும் 10 ஆம், 11 ஆம் வகுப்புகளில் அது விருப்பப் பாடமாகிவிடுகின்றது. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். குடியியற் கல்வியோ புவியியல், வணிகக் கல்வி, இரண்டாம் மொழி முதலியவற்றோடு ஒரே தொகுதியில் போட்டியிட வேண்டும். அதனை எடுக்காத பிள்ளைக்கு எஞ்சுவது வரலாற்றுப் பாடம். அங்கே கோல்புறூக், டொனமூர், சோல்பரி என்று ஆணைக்குழுக்களின் பெயர்களும் ஆண்டுகளும் வரும். பிள்ளை மனனம் செய்யும். பரீட்சை முடிந்ததும் மறக்கும்.

உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் இருக்கின்றதே என்பர் சிலர். அதனைப் படிப்போர் யார்? கலைப்பிரிவிற் சேர்ந்து, அப்பாடத்தைத் தெரிந்தெடுத்தவர் மாத்திரமே. நாளைய வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் அதனைத் தொடுவதில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தித் தந்தையோடு வள்ளமேறும் மகனும், தாயோடு வயலுக்கு இறங்கும் மகளும் அதனைக் காண்பதேயில்லை. கட்டாயக் கல்வி வயது 2016 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆகவே நாட்டின் பிள்ளைகள் அனைவரையும், வசதியுள்ளவனையும் இல்லாதவனையும், ஒரே கூரையின் கீழ் வைத்துப் படிப்பிக்க அரசுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு 10 ஆம், 11 ஆம் வகுப்புகளே. பதினெட்டாம் வயதில் வாக்குச்சீட்டு கைக்கு வருகின்றது. அதற்கு முன் அரசியலமைப்பு கைக்கு வரவேண்டாமா?

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவு. அந்தக் கரையிற் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவனுக்குச் சமூக அறிவியல் கட்டாயப் பாடம். அதன் குடிமையியற் பகுதியில் இந்திய அரசியலமைப்பு இடம்பெறுகின்றது. அங்கும் மனனப் படிப்பு உண்டு, குறைகள் உண்டு. ஆனால் அடிப்படை உரிமை என்ற சொல்லைக் கேளாமல் பாடசாலையைக் கடக்க அங்கே முடியாது, இங்கே முடியும்.

குளத்து நீரும் கடல் மடியும்

இது படித்தவர் பிரச்சினை, எமக்கென்ன என்று கமக்காரர் எண்ணலாகாது. கட்டுக்கரைக் குளத்தை எடுத்துக்கொள்வோம். முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் என எமது பெருநிலத்து நெல்வயல்கள் அக்குளத்தை நம்பி வாழ்கின்றன. குளத்துக்கு நீர் தருவது அருவியாறு. அதன் மேற்பகுதி மல்வத்து ஓயா என்ற பெயரோடு வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரத்தைத் தழுவி வருகின்றது.

1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் நீர்ப்பாசனத்தை மாகாண சபைக்குக் கொடுத்ததாக நாம் மேடைகளில் பேசுகின்றோம். ஒன்பதாம் அட்டவணையைப் பிரித்துப் படித்தால், ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாகப் பாயும் ஆறுகள் பற்றிய நீர்ப்பாசனத் திட்டங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அதாவது அருவியாற்று நீரின் தலைவிதி மத்திய அரசாங்கத்தின் கையில். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டத்தில் வாதாடும் கமக்காரன், மேலே ஓர் அணை கட்டப்படுமானால் யாரிடம் கேட்பது, எந்தச் சட்டத்தின் கீழ்க் கேட்பது என்பதை இந்த ஒரு வரியிலிருந்தே அறிந்துகொள்வான். இதனை அறியாதவன் தவறான வாசலில் நின்று கத்துவான். குரல் கம்மிப்போகும், நீர் வராது.

கடலுக்கு வருவோம். இழுவைமடித் தொழில் 2017 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. சட்டம் வந்துவிட்டது, வலையை இழந்த தொழிலாளி இன்னும் கரையில் நிற்கின்றான். சட்டம் இருந்தும் அதிகாரிகள் அதனைச் செயற்படுத்தாவிட்டால் அச்செயலின்மையை எங்கே கேள்விக்குட்படுத்தலாம்? தொழில் செய்யும் உரிமையைக் கூறும் 14 ஆம் உறுப்புரைக்கும் சமத்துவத்தைக் கூறும் 12 ஆம் உறுப்புரைக்கும் இதில் என்ன தொடர்பு? இவை பத்தாம் வகுப்பு மாணவன் விவாதிக்கக்கூடிய கேள்விகளே. அவன் வீட்டில் இரவுச் சோற்றோடு பேசப்படும் விடயம் அல்லவா இது!

இன்னும் ஒன்று. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை 30 விசையாழிகளோடும் 103.5 மெகாவாற் வலுவோடும் திறக்கப்பட்டது. அதன்பின் வேறு காற்றாலைத் திட்டங்களும் கனிய மணல் அகழும் முயற்சிகளும் வந்தன. 2025 இல் தீவு மக்கள் வீதியில் இறங்கினர். வீதிப் போராட்டம் மக்களின் உரிமை; அதனைக் குறைகூறேன். ஆனால் வீதிக்கு இறங்கும் முன்பே எடுக்கக்கூடிய ஆயுதங்கள் உண்டு. தகவல் உரிமை 2015 இல் 19 ஆவது திருத்தத்தால் 14 அ உறுப்புரையாக அரசியலமைப்பிற் சேர்ந்தது. அதற்கான சட்டம் 2016 இல் நிறைவேறி 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கின்றாய் என்று அதிகாரி கேட்க முடியாது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். எந்த அனுமதி, யாருக்கு, எந்த நிபந்தனையோடு வழங்கப்பட்டது என்பதை ஓர் ஊரின் மாணவர்களே எழுதிக் கேட்கலாம்.

எப்பாவலை வழக்கை எமது கமக்காரர் யாவரும் அறிந்திருக்க வேண்டும். அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவை அமெரிக்கக் கம்பனி ஒன்றோடு சேர்ந்து அகழ அரசாங்கம் உடன்படிக்கை செய்ய முற்பட்டது. கமக்காரரும் ஒரு விகாராதிபதியுமாக அவ்வூரவர் ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றனர். காணி பறிபோகவில்லை, இயந்திரம் வரவில்லை. மீறப்படப் போகின்றது என்பதே அவர்களின் முறைப்பாடு. 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சமத்துவம், தொழில், விரும்பிய இடத்தில் வாழ்தல் ஆகிய உரிமைகள் ஆபத்துக்குள்ளாகின்றன என ஏற்றது. அவர்கள் சிங்களக் கமக்காரர். அவர்களுக்குக் கைகொடுத்த உறுப்புரை எமக்கும் எழுதப்பட்டதே. அவர்கள் அதனை உரிய காலத்தில் எடுத்தனர் என்பதே பாடம்.

தோற்ற வழக்கையும் படிக்க வேண்டும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சட்டம் எங்களை எப்போது காப்பாற்றியது? இப்படிக் கேட்கும் எமது மூத்தோரின் கசப்பு நியாயமானது. அந்தக் கசப்பையும் பாடமாக்க வேண்டும் என்பதே என் கட்சி.

சோல்பரி அரசியல் திட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்க்கு இல்லாத பாதகத்தைச் சட்டத்தால் சுமத்தக்கூடாது என்றது. அப்பிரிவு உயிரோடிருக்கும்போதே 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் பிரஜாவுரிமை இழந்தனர், அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழந்தனர். வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1953 இல் தோற்றது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதியது. அவர்களிற் பெருந்தொகையினர் கப்பலேறியது எங்கே? எமது தலைமன்னார்த் துறையில். ஒரு சட்டத்தின் வாசகம் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு மன்னாரே சாட்சி.

கோடீஸ்வரன் வழக்கு மற்றொன்று. 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தின்பின், கேகாலைக் கச்சேரியில் பணிபுரிந்த தமிழரான அவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், மொழிச் சட்டம் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் மேலே அது கவிழ்ந்தது. மொழிச் சட்டம் செல்லுமா என்று ஆராய்ந்து கவிழ்க்கவில்லை. அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்கிட முடியாது என்று கூறிக் கவிழ்த்தனர். 1969 இல் பிரிவிக் கவுன்சில், வழக்கிடலாம் என்று கூறி, மொழிச் சட்டம் பற்றிய மூலக் கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 இல் 29 ஆம் பிரிவே ஒழிந்தது. கேள்வி கேள்வியாகவே நின்றுவிட்டது.

இதனைப் படிக்கும் மாணவன் மனம் உடைவானா? உடையமாட்டான். உரிமை என்பது வாசகத்திலும், அதனைக் காக்கும் நீதிமன்றத்திலும், காலத்தோடு கேட்கும் குடிமகனிலும் ஒருங்கே தங்கியிருக்கின்றது என்பதை உணர்வான். 1978 இன் 80 ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுரைத்துவிட்ட சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்பதையும் அவன் கவனிப்பான். ஆகவே வர்த்தமானியில் சட்டமூலம் வெளியாகும்போதே விழிப்பாயிருக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வான். சட்டமான பின் அழுவது பயனற்றது.

நாம் ஏற்காத உறுப்புரைகளையும் அவன் படிக்கட்டும். ஒற்றையாட்சி என்று கூறும் 2 ஆம் உறுப்புரையும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9 ஆம் உறுப்புரையும், 1983 ஓகஸ்டில் வந்த 6 ஆவது திருத்தமும் மறைக்கப்படலாகாது. தமிழும் அரசகரும மொழி என்ற 18 ஆம் உறுப்புரையையும், வடக்குக் கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்ற 22 ஆம் உறுப்புரையையும் படித்த அதே மாணவன், சட்டங்களின் ஈற்றிலே முரண்பாடு ஏற்பட்டாற் சிங்கள உரையே மேலோங்கும் என்று எழுதப்படும் வாசகத்தையும் பார்க்கட்டும். அதனை எதிர்ப்பதா, திருத்துவதா, ஏற்பதா என்பதை அவன் தன் அறிவால் முடிவுசெய்யட்டும். நான் எந்தக் கட்சி மேடையில் ஏறுகின்றேன் என்பது அவனுக்கு விதியாக இருக்கவேண்டியதில்லை.

அயலவனின் உரிமை

அரசியலமைப்பை ஒழுங்காகப் படித்தால் அது எமக்கு வசதியான இடத்தில் மட்டும் நின்றுவிடாது. 2007 இல் முள்ளிக்குளத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களின் மண்ணிற் கடற்படை முகாமிட்டது. விரும்பிய இடத்தில் வாழும் உரிமை என்று 14 ஆம் உறுப்புரையைக் காட்டி நாம் நியாயம் கேட்டோம், கேட்டது சரியே. ஆனால் 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை விட்டுப் புத்தளத்துக்குப் போனார்களே, அவர்களுக்கும் அதே வாசகம்தானே எழுதப்பட்டிருந்தது? ஆயுத இயக்கத்தின் செயலை 126 ஆம் உறுப்புரையின் கீழ் விசாரிக்க முடியாது என்பது சட்டத்தின் எல்லை. மனச்சாட்சிக்கு அந்த எல்லை இல்லை. முள்ளிக்குளத்துப் பிள்ளையும் எருக்கலம்பிட்டிப் பிள்ளையும் ஒரே வகுப்பில் ஒரே உறுப்புரையைச் சத்தமாக வாசிக்கும் நாளில், மேடைப் பேச்சுகளால் ஆகாத காரியம் ஆகும் என்பது என் நம்பிக்கை.

சமத்துவம் என்றால் என்ன என்ற கேள்வியும் அவ்வாறே. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு என்றதும் எம்மவர் பலர் கொதிப்பர். 1970களின் தரப்படுத்தல் யாழ்ப்பாணத்து மாணவருக்கு இழைத்த தீங்கு மறக்கத்தக்கதன்று. அதே வேளை, பின்தங்கிய மாவட்டங்களுக்கான விசேட ஒதுக்கீட்டில் மன்னார் இடம்பெற்றதும், அதனால் எமது பிள்ளைகள் பலர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்ததும் உண்மை. மாவட்ட ஒதுக்கீடு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று உயர் நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் மாவட்ட அடிப்படையை ஏற்றுக்கொண்டது. சமமற்றோரைச் சமமாக நடத்துவது சமத்துவமா? இதனை மன்னார்ப் பாடசாலையில் விவாதித்தால் இரு பக்கமும் பேச மாணவர் இருப்பர். வகுப்பறைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

ஆட்சேபங்கள்

பாடச்சுமை கூடும் என்பர். நாம் கேட்பது முழுப் புத்தகத்தை அன்று. அடிப்படை உரிமைகள் பற்றிய மூன்றாம் அத்தியாயம், மொழி பற்றிய நான்காம் அத்தியாயம், பரிகாரம் கூறும் 126 ஆம் உறுப்புரை ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய இருபது உறுப்புரைகள். இரண்டு வருடத்தில் இருபது உறுப்புரைகளைப் பதினைந்து வயதுப் பிள்ளையாற் படிக்க முடியாதா?

பாடசாலைக்குள் அரசியல் புகுந்துவிடும் என்பர். அரசியல் ஏற்கெனவே புகுந்திருக்கின்றது. ஆசிரியர் நியமனத்திலும் இடமாற்றத்திலும் கட்டடத் திறப்பு விழாவிலும் அது தாராளமாக உலாவுகின்றது. வராதது சட்ட அறிவு ஒன்றே. இந்தியாவில் கேரளத்துப் பாடசாலை ஒன்றில், தேசிய கீதம் இசைக்கப்படும்போது மரியாதையாக எழுந்து நின்றும் தம் மதநம்பிக்கை காரணமாக வாய்விட்டுப் பாடாத மூன்று பிள்ளைகள் விலக்கப்பட்டனர். 1986 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்குமாறு தீர்ப்பளித்தது. அப்பாடசாலை இடிந்துவிடவில்லை, இந்தியாவும் சிதறிவிடவில்லை.

அரசியலமைப்பு அடிக்கடி மாறுகின்றதே என்பர். 1947, 1972, 1978 என மூன்றைக் கண்டோம். மூன்றாவதற்கு இருபதுக்கு மேற்பட்ட திருத்தங்கள் வந்துவிட்டன. எமக்குத் தெரியாமலே மாறுகின்றது என்பதற்காகத்தான் படிக்கவேண்டும் என்கின்றேன். படித்த மக்கள் இருக்கும் நாட்டில் அவ்வளவு இலகுவாக மாற்ற எவருக்கும் துணிவு வராது.

செய்யவேண்டியவை

முதலாவது, 10 ஆம், 11 ஆம் வகுப்புகளில் மேற்கூறிய பகுதிகள் எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கப்படல் வேண்டும். கல்விச் சீர்திருத்தம் 2025 இல் மீண்டும் அரங்குக்கு வந்தது. தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகள் அங்கே இக்கோரிக்கையை எழுத்தில் வைக்கவேண்டும்.

இரண்டாவது, தேசிய கல்வி நிறுவகத்தின் ஒப்புதலோடு பாடத்திட்டத்தில் உள்ளூர்ச் சேர்க்கைகளைச் செய்ய 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்கு இடமளிக்கின்றது. 2013 இல் தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்டோபர் வரை இருந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இன்றிப் போயிற்று. சபை இருந்த காலத்தில் நாம் அதிகாரம் போதாது என்று முழங்கினோம், உண்மைதான், போதாது. கையிலிருந்த சிறிய அதிகாரத்தையேனும் இவ்வாறான கருமத்துக்கு முழுமையாகப் பயன்படுத்தியிருக்கலாம். இனியொரு சபை வருமாயின் முதல் ஆண்டிலேயே இது செய்யப்படல் வேண்டும்.

மூன்றாவது, அரசியலமைப்பின் தமிழ் உரை மிகக் கடினமான சட்டத் தமிழில் இருக்கின்றது. அதன் பக்கத்தில் எளிய தமிழ் விளக்கத்தோடு ஒரு சிறு கைந்நூல் வேண்டும். பாடமும் ஆண்டுகளை மனனம் செய்வதாக இருக்கலாகாது. ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு எழுதுதல், தகவல் கோரி ஒரு விண்ணப்பம் எழுதுதல், வர்த்தமானி ஒன்றை வாசித்து விளக்குதல் ஆகிய மூன்றையும் செய்யத் தெரிந்த பிள்ளையே இப்பாடத்திற் சித்தியடைந்த பிள்ளை.

நான்காவது, அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மன்னார், முருங்கன், சிலாவத்துறை, அடம்பன் ஆகிய இடங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடத்தச் சட்டத்தரணிகள் முன்வர வேண்டும். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் மண்டபங்கள் இருக்கின்றன. கமக்கார அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இருக்கின்றன. சட்டத்தரணி சட்டத்தைச் சொல்லட்டும். ஆசிரியர் அதனைப் பிள்ளைக்கு ஏற்றபடி ஆக்கட்டும். வைத்தியரும் பொறியியலாளரும் கைந்நூலை அச்சிடச் செலவு செய்யட்டும். உத்தியோகத்தர்களே, கமக்காரர்களே, உங்கள் பிள்ளையின் பாடப் பட்டியலை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். அதில் இப்பாடம் இல்லையாயின் நாளை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எழுந்து கேளுங்கள்.

சட்டம் தெரிந்த பிள்ளை அதிகாரியை மதிக்கும், ஆனால் அஞ்சாது. வாக்குக் கேட்டு வருபவனிடம் வாக்குறுதி கேளாது. உறுப்புரையைக் காட்டிக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சுபவர்கள் கொழும்பிலும் உண்டு, எம்மிடையேயும் உண்டு. அஞ்சட்டும். எமது பிள்ளைகள் படிக்கட்டும்.